முள்

ஜே.சி. ரோடு சந்தில், ஷட்டர் பாதி இறக்கி,
எண்ணூறின் வயிற்றுக்குள் எஸ்டீம் இன்ஜின் ஏற்றியாயிற்று.
சென்சாருக்குத்தான் இடமில்லை.

கீழ் ஹோஸில் சொருகிவிடு என்கிறான் முபாரக்.

அதில் ஓடுவது ரேடியேட்டரில் ஆறிய தண்ணீர்டா.
அதை நம்பித்தான் சில்க் போர்டு நெரிசலில்
முள் அசையாமலே ஹெட் வளைந்தது.

மேல் மூலையும் ஆகாது, காற்று அடைக்கும்;
தண்ணீர் வற்றினால்
வெறுங்காற்றைத் தொட்டுக்கொண்டு
சுகம் சுகம் என்று சொல்லும்.

ஹெட்டை விட்டு வெந்நீர் புறப்படும் வாயில்,
தெர்மோஸ்டாட்டுக்கு முன்னால்
துளைத்து மரை போட்டேன்.
டேப் சுற்றாதே, எர்த் கிடைக்காது.

முள் ஏறுகிறது. தொண்ணூறு.
விசிறி சுழல்கிறது.

போனில் ஃப்ளோரா: ‘கோபமா?’
‘சேச்சே, இல்லையே.’

பானட்டுக்கு அடியிலிருந்து முபாரக்:
‘கீழ் ஹோஸ்.’