தோற்றால் வரும் இசை

ஏழே சுரம்.
ஆறும் படியிறங்குவதுபோல் இறங்கும்,
ஏழாவதில் கால் வழுக்கும்.

முதல் பாகத்தில் அது
திருவிழாப் பீப்பி ஊதியதுபோல் இருந்தது.
மூன்றாவதில் வயலின் சேர்த்தார்கள்.
ஆறாவதில் அறுபது பேர் உட்கார்ந்து வாசிக்கிறார்கள்,
மணி, முரசு, பின்னால் பெண்குரல் எல்லாம் உண்டு.
ஜெயித்தால் வரும் இசையைப்
பாகத்துக்குப் பாகம் மாற்றிவிட்டார்கள்.
ஒன்றுகூட நினைவில் இல்லை.
தோற்றவனுக்கு மட்டும் அதே மெட்டு,
வசதிதான் கூடிக்கொண்டே போகிறது.

தடைக்காலம், அறுபத்தொரு நாள்.
விசைப்படகுகள் கரையேறி நின்று
பெயிண்ட் பூசிக்கொள்கின்றன.
தங்கச்சிமடத்தில், ஐஸ் கம்பெனிக்குப் பின்னால்,
எங்கள் முன்னறையில் ஒன்பது ஆண்கள்.
இரண்டே ஜாய்ஸ்டிக்.
ஒன்றில் இடதுகுமிழ் தளர்ந்து
சைக்கிள் டியூப் வெட்டிச் சுற்றியிருக்கிறது.

கடைசி அரக்கனைத் தாண்டியது
இந்தத் தெருவில் நான் ஒருத்திதான்.
ராத்திரி ஒன்றரைக்கு,
மடியில் பிள்ளை பால் குடித்துக்கொண்டிருக்க.
சொன்னால் நம்புவதில்லை.
சாட்சிக்கு அந்தப் பிள்ளை மட்டும்தான்,
அதற்கு இன்னும் பேச்சு வரவில்லை.

அந்த ஏழு சுரமும் ஜன்னல் வழியாக
எப்போதோ வெளியே போய்விட்டன.
நைனார் முகமது கொத்துபரோட்டா போடும்போது
தகடு இரண்டும் அதே ஏழில் வந்து விழுகின்றன.
அவர் இந்த விளையாட்டைப் பார்த்ததே இல்லை.
குழுக்கடன் வசூலுக்கு வரும் தம்பி
அதையே ரிங்டோனாக வைத்திருக்கிறான்.
தெரிந்து வைத்ததா என்று நான் கேட்கவில்லை.
போன வருசம் தடை முடிந்து
முதல் பாடு வந்த அன்று,
கணவாய்க்கு அவர்கள் கேட்ட விலையைச் சொன்னதும்
கூட்டத்தில் எவனோ விசிலில் ஏழையும் இறக்கினான்.
ஏலக்காரரே சிரித்துவிட்டார்.
விலை ஏறவில்லை.

அக்கரையில் பதினோரு மாதம் இருந்துவிட்டு
கிளாட்வின் வந்தான்.
படகு வரவில்லை.

வாசல் பக்கமாக, செருப்புகளை ஒதுக்கி உட்கார்ந்தான்.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
ஜாய்ஸ்டிக்கை நீட்டினோம்,
டியூப் சுற்றாத நல்லதை.

மூன்று நிமிசத்தில் தோற்றான்.
ஏழும் இறங்கின.
எங்களுக்கெல்லாம் ஏழாவது முடியுமுன்பே
கட்டைவிரல் பாய்ந்துவிடும், ‘மறுபடியும்’ மேல்.
எத்தனை வருசப் பழக்கம்.
அவன் விரல் அசையவில்லை.

“அமுத்துடா” என்றான் என் தம்பி எமரிட்.
“இரு.”

ஃபேன் ஓடியது.
வெளியே யாரோ படகுக்கு
உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.
திரை கருத்து, எழுத்துகூட மறைந்தது.
“கரண்டு போச்சோ” என்று
எமரிட் பிளக்கைப் பார்க்க எழுந்தான்.

அப்போது வந்தது எட்டாவது.

ஒரே ஒரு சுரம்.
கிணற்றுக்குள் ஒரு டம்ளர் விழுந்ததுபோல.
இத்தனை பாகத்தில்
ஒருத்தரும் உட்கார்ந்து கேட்காத ஒன்று.

மேலே போனதா கீழே போனதா என்று
இருட்டும்வரை சண்டை.
மேலே என்கிறேன் நான்.
ஸ்பீக்கர் கோளாறு என்கிறான் எமரிட்.
கிளாட்வின் எந்தப் பக்கமும் சேரவில்லை.

அதற்கப்புறம் யாரும் ஜெயிக்க விளையாடவில்லை.
பரணிலிருந்து பழைய பாகங்களை இறக்கி
ஒவ்வொன்றாகப் போட்டு
வேண்டுமென்றே தோற்றோம்.
தோற்றுவிட்டுக் கைகட்டி உட்கார்ந்திருந்தோம்,
பூசைக்கு முன்னால் கோயிலில் இருப்பதுபோல.
மூன்றில் இருக்கிறது.
நாலிலும் இருக்கிறது.
ஐந்தில் இருக்கிறது, ஆனால் நாய் குரைத்துவிட்டது,
திரும்பவும் தோற்க வேண்டியதாயிற்று.
முதல் பாகத்தின் கேசட்டை உப்புக்காற்று தின்றிருந்தது.
ஊதி ஊதிப் பார்த்தோம்.
அதில் இருந்ததா என்று இனித் தெரியப்போவதில்லை.

“பசிக்குது” என்றான் கிளாட்வின்.
“மீன் இல்ல, முட்டைக்குழம்புதான்.”
“சரி.”