நான்காவது டேக்

பிலடெல்பியாவில் பனி. தரைக்குக் கீழே ஸ்டுடியோ.
ரீடை நாக்கில் ஊறவைத்தபடி
லவர்ன் சொன்னாள்: "மறுபடி. முதலிலிருந்து."

எல்லாருக்கும் தெரிந்த பாட்டுதான்.
கல்யாணத்தில், லிஃப்டில், பல் டாக்டரின் வரவேற்பறையில்
தேய்ந்து தேய்ந்து
சோப்புத் துண்டாகிப்போனது.

பியானோக்காரன் சொகுசுக் கப்பல் வேலைக்குப் போய்விட்டான்.
மூன்று பேர் போதும் என்றது தாடியஸ்.
அவனேதான் இப்போது
இல்லாத பியானோவுக்கு இடம் விட்டு விட்டு
பாஸ் வாசிக்கிறான்,
பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் பை வைத்தவன் மாதிரி.

நான்காவது டேக்.
லவர்ன் சாக்ஸபோனின் அடிமட்டத்துக்கு இறங்கி
ஒரே ஸ்வரத்தைப் பிடித்தாள்.
மூச்சு தீரும்வரை விடவில்லை.
நான் பிரஷ்களைத் தூக்கிவிட்டேன்.
எல்லாம் நின்ற பிறகும்
அறையில் ஏதோ நிற்கவில்லை.

மூலையில்
எங்கள் கோட்டுகளைச் சுமந்து கிடந்த பழைய பியானோ.
என் சிம்பல் பை சரிந்து
பெடல்மேல் விழுந்திருக்கிறது.
தந்திகள் தாமாகவே முனகிக்கொண்டிருந்தன.

"அந்த வாலை வெட்டிவிடலாம்,"
கண்ணாடிக்கு அப்பாலிருந்து குரல்.
எங்களில் ஒருவரும் பதில் சொல்லவில்லை.
தாடியஸ் கம்பியைத் துடைத்தான்,
துடைத்த கம்பியையே.

இரவு எனக்கு இன்னொரு கச்சேரி இருந்தது.
சிம்பல்களை வெறுங்கையில் அடுக்கி
ரயில் ஏறினேன்.
பை அங்கேயே இருக்கட்டும்.
நாளைக்கு இன்னும் ஆறு பாட்டு.