நாற்பத்தொன்பது வெள்ளி

செவ்வாய் இரவு
சோறு பாதி வெந்திருக்கையில் நின்றுபோனது.
மூடியைத் திறந்தால்
நடுவில் அறுந்த பேச்சுபோல் அரிசி.

“நாப்பத்தொன்பது வெள்ளிதானே,
புதுசு வாங்கிக்கலாம்” என்கிறார் சுகுணன்
கைப்பேசியிலிருந்து கண்ணெடுக்காமல்.
அவர் விரல் அதற்குள் மூன்று பானைகளைத் தாண்டிவிட்டது.

வாங்கலாம்.
இதற்கு முந்தியது போனபோதும் இதே சொல்தான்.
பத்தாம் மாடி லிஃப்டுக்குப் பக்கத்தில்
குப்பைத் தொட்டியின்மேல் இரண்டு நாள்
வாய் பிளந்து உட்கார்ந்திருந்தது அது.
வேலைக்குப் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கழற்றிக் கவிழ்த்தேன்.
அடியில் நான்கு திருகாணி.
மூன்று சாதாரணம். நாலாவதன் தலையில் முக்கோணக் குழி.
செய்தவனுக்கு என்னைத் தெரிந்திருக்கிறது,
ஒருநாள் இவள் திறப்பாள் என்று.
நகவெட்டியின் அரத்தில்
பழைய ஸ்குரூ டிரைவரைத் தேய்த்தேன், இருபது நிமிடம்.
திரும்பியது.

உள்ளே ஒன்றுமில்லை.
இவ்வளவுதானா என்று சிரிப்பே வந்தது.
ஒரு சூட்டுத் தட்டு, ஒரு காந்தம், ஒரு வில்,
நாலு ஒயர், செத்த கரப்பான்,
வெள்ளை நூலுறைக்குள் ஒளிந்தபடி
சீரகத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஃபியூஸ்.
மீட்டரின் இரு முனைகளையும் வைத்தேன்.
கீச்சென்று கத்த வேண்டியது, கத்தவில்லை.
ஆள் பிடிபட்டும் கோபம் வரவில்லை:
வீடு எரியாமலிருக்கத்
தன்னை அறுத்துக்கொண்டவன்.

பகலெல்லாம் நான் பாயான் லெப்பாசில்
லென்சுக்கு அடியில் பச்சைப் பலகைகள் பார்ப்பவள்.
ஒரு ஷிப்டுக்கு ஆயிரத்து நூறு.
ஈயத்துளி சரியா, கால் ஒட்டியதா, அடுத்தது.
ஒட்டாததைத் தொட்டுத் திருத்துவதும் நான்தான்.
அவை எதற்குள் போகின்றன, எந்த ஊருக்கு,
சூப்பர்வைசருக்கும் தெரியாது.
பதினோரு வருடத்தில்
நான் தேற்றி அனுப்பிய ஒன்றுகூட
என் கண்முன்னால் எரிந்ததில்லை.

புதன்கிழமை
பாயா தெருபோங்கில் இறங்காமல்
ஆயர் ஈத்தாம் வரை போனேன்.
சந்தைக்குப் பின்னால் கூவின் கடை.
நூற்று எண்பத்தைந்து பாகை, பத்து ஆம்பியர், ஒன்று.
“துவா லா” என்று இரண்டை எடுத்து வைத்தார்
என் முகத்தைப் பார்க்காமலே.
இரண்டு வெள்ளி நாற்பது காசு.

ஏன் இரண்டென்று அன்றிரவே புரிந்தது.
பதினோரு வருடக் கை, அதன் கர்வம்,
ஈயத்தை உருக்கி ஒட்டினேன்.
அழகான மூட்டு. லென்சுக்கு அடியில் வைத்தாலும் தேறும்.
மீட்டர் மௌனம்.
சூடு பட்டால் அறுபடவென்றே பிறந்ததைச்
சூட்டுக்கோலால் தொட்டிருக்கிறேன்.
இதை லைனில் யாரிடமும் சொல்லப் போவதில்லை.

இரண்டாவதற்கு நெருப்பே காட்டவில்லை.
சின்னப் பித்தளைக் குழாயில் செருகி
இடுக்கியால் நெரித்து
நூலுறையைப் பழையபடி இழுத்துவிட்டேன்.
முக்கோணத் திருகாணியை மட்டும் மாட்டவில்லை.
அதன் இடத்தில் சாதாரணம் ஒன்று.
அடுத்து யார் திறந்தாலும்
நகவெட்டி தேட வேண்டாம்.

மணி ஒன்று நாற்பது. பசியில்லை.
ஒரு பால் டின் அரிசி களைந்து போட்டு
தலையைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டு
சுவிட்சை அழுத்தினேன்.

ஆரஞ்சு.

தண்ணீர் குடிக்க வந்த சுகுணன்
“எரியுதே” என்றார்.
“ம்” என்றேன்.
அதற்குமேல் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

அவர் போனபிறகும்
நாற்காலியை அடுப்படிக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.
ஐந்தரைக்குத் தொழிற்சாலை பஸ்.
தெரியும்.
ஆனால் கொதித்து, அடங்கி, நீர் வற்றியதும்
அந்தக் காந்தம் தானாகக் கைவிடும்போது
டக்கென்று ஒரு சத்தம் வருமே,
அதைக் கேட்காமல் எப்படித் தூங்குவது?