நூற்றிருபது கிராம்

விலையை மாற்றச் சொல்லி
காலையிலேயே குறிப்பு ஒட்டியிருந்தார் மனேஜர்.
ரொக்ஃபோர், நூறு கிராம்: ஒன்பது இருபது.
போன கிழமை ஏழரை.
மன்செகோ இருந்த இடத்தில் ஒரு வெள்ளை அட்டை,
"விரைவில் வரும்."
எப்போதென்று அட்டைக்கும் தெரியாது.

வின்சரில் நின்று பார்த்தால்
ஆற்றுக்கு அந்தப் பக்கம் டெட்ராய்ட்.
அங்கே மலிவாம்.
பாலம் தாண்டி வாங்கி வந்தவர்கள்
சுங்கத்து நாய் தங்களைப் பார்த்து வாலாட்டியதை
என் கவுன்டரில் வந்து சொல்லிச் சிரிப்பார்கள்,
ஒன்றும் வாங்காமல்.

வியாழக்கிழமை அந்தப் பெண் வந்தாள்.
தாதிச் சீருடை, சட்டையில் மிரேய் என்று பெயர்.
கம்பியை இறக்கினேன். நூற்றிருபது.
தராசைப் பார்த்தாள்,
என்னைப் பார்க்கவில்லை.
"கொஞ்சம் குறைக்கலாமா?"
எண்பது.
"இன்னும் கொஞ்சம்."
முப்பத்தைந்து.
நீலம் ஓடிய ஒரு விரல் அகலம்.
"போதும். அப்பாவுக்கு
மணம்தான் வேணும், இப்போ விழுங்க ஏலாது."

பெரிய துண்டுக்குச் சுற்றுகிற தாளிலேயே
அதையும் சுற்றிக் கொடுத்தேன்.
தாளுக்குக் காசில்லை.

அறுத்து எடுத்தது எண்பத்தைந்து கிராம்,
உதிர்ந்த துண்டுகள்.
திரும்ப வைக்கவும் கூடாது, எறிந்தால் கணக்கு எழுதவேணும்.
ஊழியர் கழிவு போக
ஏழு டொலர் நாலு சதம்.
நானே வாங்கினேன்.

பஸ்ஸில் பிரித்தேன்.
பக்கத்து இருக்கைக்காரன் எழுந்து போனான்.
உப்பு. ஈரச் சாக்கு. பிறகு எங்கேயோ கொஞ்சம் பால்.

பிடிக்கவில்லை.
மிச்சமும் வைக்கவில்லை.