ஒரு பக்கத்துக்கு மிகாமல்

கற்பித்தல் பற்றிய உங்கள் நம்பிக்கைகளை
ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதித் தருக,
வெள்ளிக்கிழமைக்குள்,
என்கிறது தலைமையாசிரியரின் தாள்.
இன்று வியாழன்.
மேய்ன் கடற்கரையின் மூடுபனி
பள்ளிப் பேருந்துகளை எங்கோ நிறுத்தி வைத்திருக்கிறது.
நூற்றுப் பதினான்காம் அறையில்
வெந்நீர்க் குழாய் மட்டும்
யாரையோ அதட்டிக்கொண்டிருக்கிறது.

'நம்புகிறேன்' என்று தொடங்கி
மூன்று தாள்களைக் கசக்கிவிட்டேன்.
இருபத்திரண்டு வருடம் ஆங்கிலம் நடத்தியவள்.

முதல் பாடவேளையில் தூங்கும் டேரில் பூலியோவை
நான் எழுப்புவதில்லை.
விடியுமுன் அப்பாவோடு படகேறி
சிங்கி இறால் பொறிகளை இழுத்துவிட்டு வருகிறவன்.
அக்டோபரில் கயிற்றைப் பற்றி நான்கே வரி எழுதினான்.
ஈரக் கயிறு கைக்குச் சொல்வதைக்
காய்ந்த கயிறு சொல்லாதாம்.
நாற்பது வரி கேட்டிருந்தேன்.
மீதி முப்பத்தாறை இன்னும் கேட்கவில்லை.
இது நம்பிக்கையா, சோம்பலா?

இதை எழுதலாமா தெரியவில்லை:
ஒன்பது வருடம் முன்பு
கோரின் ஸ்ப்ரேக் ஒரு கட்டுரை எழுதினாள்.
தன் தம்பிக்குப் பச்சை ஆப்பிள் பிடிக்கும் என்று.
அந்தக் குளிர்காலத்தில்தான்
ஏரிப் பனி உடைந்து அவன் போனான்.
ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும்.
இருந்தும் என் சிவப்புப் பேனா
அந்த வினைச்சொல்லின் கடைசி எழுத்தை அடித்து
இறந்தகாலம் ஆக்கியது.

இலக்கணப்படி சரி.

அவள் என்னைப் பார்க்கவில்லை.
அழிப்பானை எடுத்து
என் மையின்மேல் தேய்த்தாள்.
தாள்தான் கிழிந்தது.

அன்றே பேனாவை எறிந்துவிட்டேன் என்று சொன்னால்
அறிக்கை நன்றாக முடியும்.
எறியவில்லை.
காற்புள்ளி தப்பினால் இன்றும் வட்டமிடுகிறேன்,
கொஞ்சம் சந்தோஷமாகவே.
ஆனால் காலத்தை மாற்றுமுன்
மேசையருகே போய்க் குனிந்து கேட்கிறேன்:
இது எப்போது நடக்கிறது?
பலர் தோளைக் குலுக்கிவிட்டுத் திருத்திக்கொள்கிறார்கள்.
ஒருத்தி மட்டும் போன வாரம்
'காலையில், தினமும்' என்றாள்.
பேசாமல் நகர்ந்தேன்.

பாதிப் பக்கம் மீதியிருக்க
ரப்பர் பூட்ஸ் சத்தம்.
டேரில் வருகிறான்.
கூடவே தூண்டில் மீனின் நாற்றமும்.
யாரோ ஜன்னலைத் திறக்கிறார்கள்.
அவன் காது சிவக்கிறது.
அவன் தலை மேசையில் சாயும்வரை
வருகைப் பதிவேட்டில் இல்லாத ஒரு பெயரைத்
தேடிக்கொண்டிருக்கிறேன்.
பிறகு போய் ஜன்னலை மூடுகிறேன்.
குளிருகிறது என்று சொல்லிக்கொண்டே.