அறுநூற்று எழுபது மைக்ரோசெகண்ட்

புர்னோவில் பிப்ரவரி, இரவு இரண்டேகால்.
நாலாம் எண் டிராம் ஓய்ந்து வெகுநேரம்.
சோதனை அறையில் நானும்
மூடி கழற்றிய ஒரு சர்வரும்
லூபோர் தின்று மீதி வைத்த பாதி ரொட்டியும்.
“அகலக் கட்டளை போட்டால் வேகம் கூடும்.
இதில் சோதிக்க என்ன இருக்கிறது, வெந்துலா?”
கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான்.

அவன் சொன்னதில் பொய் இல்லை.
எட்டு எண்களை ஒரே வாரில் வாரும்
ஐந்நூற்றுப் பன்னிரண்டு பிட் அகலம்.
குறியாக்கத்தை மட்டும் ஓட்டிப் பார்த்தேன்:
மூன்றரை கிகாஹெர்ட்ஸிலிருந்து
இரண்டே முக்காலுக்கு இறங்குகிறது கடிகாரம்.
இறங்கியும் முந்துகிறது.
அகப்பை பெரிதென்றால்
கை மெதுவாக அசைந்தாலும்
அண்டா காலியாகிவிடும்.

புகார் வந்தது அங்கிருந்து அல்ல.
விலைப்பட்டியலில் காற்புள்ளி தேடுகிற,
பெயரின் முதலெழுத்தைப் பெரிதாக்குகிற,
அகலம் என்றால் என்னவென்றே அறியாத
சில்லறை நிரலிடமிருந்து.
நூற்றுக்குப் பதினொன்று
அதன் கையிலிருந்து யாரோ எடுத்திருந்தார்கள்.

ஒரு கோரில் நிரலைக் கட்டிப்போட்டேன்.
டர்போவை அணைக்கவில்லை,
கூண்டில் நிற்பதே அதுதானே.
ஜன்னலைச் சாத்தினேன்.
வெளியே மைனஸ் ஒன்பது.
குளிர் வந்து பொய்ச்சாட்சி சொல்லிவிட்டால்?
செயலியின் சூடு ஐம்பத்தொன்று.
ஆகவே காய்ச்சல் இல்லை.

முதலில் வெறும் லூப்.
திரையில் கோடு, காற்றில்லாத குளம்.
பிறகு அதன் நடுவே
ஒரு சிட்டிகை அகலப் பெருக்கல்.

நின்றது.
பதினோரு மைக்ரோசெகண்டுக்குப்
பேச்சு மூச்சில்லை.
பிறகு ஒரு படி கீழே இறங்கி நடந்தது.
பெருக்கல் முடிந்தது, போயும்விட்டது.
கடிகாரம் ஏறவில்லை.
இன்னொன்று வருமோ, வந்துவிடுமோ என்று
அறுநூற்று எழுபது மைக்ரோசெகண்ட்
கீழ்ப்படியிலேயே உட்கார்ந்திருக்கிறது.
குறியாக்கமோ
அரை மில்லிசெகண்டுக்கு ஒருமுறை தலைகாட்டுகிறது.
ஆக, நாள் முழுக்க
ஏறவே இல்லை.
பின்னால் வரிசையில் நின்ற காற்புள்ளிகள் எல்லாம்
அந்த நொண்டிக்காலில் நடந்தன.
பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

கத்தினேன். கேட்க ஆளில்லை.
ரொட்டியைத் தின்றேன், காய்ந்திருந்தது.

எட்டு மணிக்கு லூபோர் வந்தான்.
வரைபடத்தை நின்றபடியே இரண்டு முறை பார்த்தான்.
“அந்தப் புதுசிலும் ஓட்டு” என்றான்.
மூன்று வருடம் இளைய செயலி.
அதே லூப், அதே சிட்டிகை.
கோடு அசையவில்லை.
உருப்பெருக்கிப் பார்த்தபோது
நூறு மெகாஹெர்ட்ஸ், கொசு கடித்த தடம்.
அவன் சிரித்திருக்கலாம்,
சிரிக்கவில்லை. காபி வைத்துக் கொடுத்தான்.

மேலாளர் ஸ்வதாவாவுக்கு ஒரே வரியில் பதில் வேண்டும்:
கூடுமா, குறையுமா?
இரவெல்லாம் செதுக்கிய தலைப்பை அழித்துவிட்டு எழுதினேன்:
பழைய நானூற்று அறுபதில் அணைத்துவிடுங்கள்.
புதியவற்றைத் தொடாதீர்கள்.
கீழே, சின்ன எழுத்தில்:
பக்கத்தில் யார் ஓடுகிறார்கள் என்று பார்க்காமல்
எதையும் வேகம் என்று சொல்லாதீர்கள்.
அனுப்புமுன் அந்தக் கடைசி வரியையும் எடுத்தேன்.
உபதேசத்துக்கு அளவுகோல் கிடையாது.

டிராமில் தூங்கிப்போய்
இறங்க வேண்டிய இடம் தாண்டி
ஓப்ரானியில், கடைசி நிறுத்தத்தில் விழித்தேன்.
வண்டியில் வேறு யாருமில்லை.
ஓட்டுநர் கதவுகளைத் திறந்தே வைத்திருந்தார்,
தூரத்தில் பனியில் ஏதோ அசைந்ததென்று.
நான் எண்ணத் தொடங்கியிருந்தேன்.