சேர்க்கை சரியில்லாத சொல்

டண்டீயில், சணல் ஆலை மூடி
அகராதி அலுவலகம் ஆகிவிட்ட மூன்றாம் மாடியில்
தேநீர் எப்போதும் ஸ்ட்ராங்.
மழை ஸ்ட்ராங் ஆகாது. அது ஹெவி.
காற்று ஸ்ட்ராங். போக்குவரத்து ஹெவி.
காபி தேநீரைப் பார்த்துக்கொண்டது.
ஏன் என்று கேட்டால்
எதிர்மேசை ரோனா கெட்டிஸ்
மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பாள்:
"ஏன் என்பது பக்கத்து அறை வேலை.
நமக்கு எத்தனை தடவை என்பது மட்டும்."

எண்பத்து நான்கு, பிப்ரவரி.
அச்சுப்பொறி தறிபோல் அதிர்ந்து
மடிப்பு மடிப்பாய்க் காகிதம் கக்கும்.
ஒவ்வொரு வரியின் நட்டநடுவிலும் அதே சொல்,
இருபுறமும் வெட்டுப்பட்ட வாக்கியங்கள்.
தலை தெரியாது, கால் தெரியாது,
இடுப்பு மட்டும் தெரிகிற கூட்டம்.

அந்த வாரம் ரோனாவுக்கு வாய்த்தது ப்ரொவைட்:
உணவு, உறைவிடம், நிதி, ஆறுதல்.
லாட்டரி அடித்த மாதிரி உட்கார்ந்திருந்தாள்.
எனக்கு வந்தது காஸ்.
விளைவித்தல். சாதுவான ஐந்தெழுத்து
என்றுதான் நானும் நினைத்தேன்.

சேதம் விளைவித்தது. தாமதம் விளைவித்தது.
வெள்ளம், வலிப்பு, வயிற்றுப்போக்கு,
மைத்துனர்களுக்குள் மனஸ்தாபம்,
பெர்த் சாலையில் மூன்று மைல் நெரிசல்,
ஒரு பாலத்தில் விரிசல்,
ஒரு பிஷப்புக்குச் சங்கடம்.

ஸ்கேலை வைத்து வரிவரியாய் இறங்கினேன்.
ஆயிரத்து அறுநூற்றுப் பதினேழு.
மகிழ்ச்சி ஒருமுறைகூட
அந்தத் தெருவுக்குக் குடிவரவில்லை.

அச்சுப்பொறி சிக்கினால் லுடோமிர் வருவார்.
கிடான்ஸ்க் கப்பல் தளத்தில் வெல்டர்.
ராணுவம் தெருவில் இறங்கிய குளிர்காலத்துக்குப் பிறகு
இங்கே ஸ்க்ரூடிரைவர்.
நாங்கள் கழித்துப்போடும் தாள்களை
அடுப்புப் பற்றவைக்க என்று கேட்டு வாங்கிப்போய்
அடுப்பை மறந்து படித்திருக்கிறார்.
அவருடைய ஆங்கிலம் முழுவதும்
அந்தத் தலையில்லாக் காலில்லா வரிகளிலிருந்து வந்தது.
"ஸ்ட்ராங் ரெய்ன் டுடே"
என்பார் தொப்பியை உதறிக்கொண்டு.
ஒரு காற்புள்ளிக்காக
அச்சகத்தோடு நான்கு மாதம் சண்டை போட்ட ரோனா,
"ஆமாம், ரொம்ப ஸ்ட்ராங்" என்பாள்.
நான் கோப்புக்குள் முகத்தை வைத்துக்கொள்வேன்.

வெள்ளிக்கிழமை அவள் ஸ்கேலுக்கு அடியில்
நாலாய் மடித்த துண்டுத்தாள்.
பென்சில், பெரிய எழுத்து,
ஒவ்வோர் எழுத்தும் வெல்டு வைத்தது போல.
நான் தலைகீழாகத்தான் படித்தேன்,
படிக்காமல் இருந்திருக்கலாம்.
யூ ஹேவ் காஸ்டு மீ ஹேப்பினஸ்.

எனக்கு ஆனந்தம் விளைவித்துவிட்டீர்கள்.
ஏதோ ஒரு பாலத்தில் விரிசல் விட்ட மாதிரி.
ஏதோ ஒரு பிஷப்புக்கு நேர்ந்த மாதிரி.

ரோனா சிரிப்பாள் என்று பார்த்தேன்.
எழுந்து வந்தாள். என் கட்டை இழுத்தாள்.
கடைசித் தாளின் கடைசி வரிக்குக் கீழே
வெறுமையாக இருந்த இடத்தை
விரலால் கொஞ்சநேரம் தடவினாள்.
அங்கே எழுதக் கூடாது.
மேற்கோளை நாமே உண்டாக்கக் கூடாது என்பதுதான்
இந்த மாடியில் இருக்கிற ஒரே மதம்.
எழுதவில்லை.
துண்டைக் கார்டிகன் பைக்குள் வைத்துக்கொண்டு
ப்ரொவைடுக்குத் திரும்பிப் போனாள்.

மாலையில் என் வரைவைச் சரிபார்க்கக் கொடுத்தேன்:
'உண்டாக்கு; எப்போதும் தீயதை.'
திரும்பி வந்தபோது
'எப்போதும்' அடிபட்டிருந்தது.
மேலே, சிவப்பு மையில்: 'பெரும்பாலும்'.
சான்று எங்கே என்று நான் கேட்டிருக்க வேண்டும்.
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

திங்கட்கிழமை அச்சுப்பொறி
ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.
பதினொன்றரைக்குச் சிக்கியது.
உருளைக்குள் யாரோ ஒழுங்காக மடித்துச் செருகிய
காகித மூலை.
ரோனா தொலைபேசியை எடுத்து
அவசரம் என்றாள்,
வெளியே ஹெவியாகப் பெய்துகொண்டிருந்ததைப் பார்த்தபடி.
எப்படிச் சிக்கியது என்று நான் கேட்கவில்லை.
அதுவும் பக்கத்து அறை வேலை.